தொழுவத்தையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன, சரி. ஆனால் உள்தெருக்களில் பழைய கிராமம் இன்னும் மிச்சம் இருக்கிறது. திண்ணை, முற்றம், பின்கட்டு, அதற்கும் பின்னால் மாட்டுத்தொழுவம், வைக்கோல் கொட்டகை. அவைதான் இப்போது ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடித்தார்கள். தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டத்தில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது, ஜேசிபிக்கே லேசில் மசியவில்லை. உளுத்துப் போயிருந்தது விட்டத்தின் முனை மட்டும்தான், அதுவும் சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ சிமென்ட் பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டதால். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல் நல்ல வீட்டையெல்லாம் 'ஆபத்தான கட்டடம்' என்று தள்ளிவிடுகிறோம், எனக்கு வயிறு எரிகிறது.

பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஆணையம் அமைக்க 2012-லேயே மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. கோயிலும் வெள்ளைக்காரர் கட்டிய மாளிகையும் மட்டும் பாரம்பரியம் இல்லை. தொழுவமும் கொட்டகையும் இல்லாமல் அந்த வீட்டுக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே புரியாது. குறைந்தபட்சம், இடிக்க அனுமதி கொடுக்கும் முன் வீட்டையும் பின்கட்டையும் அளந்து, படம் எடுத்து வைக்க மாநகராட்சி உத்தரவிட வேண்டும். பழுதுபார்க்க நினைக்கும் உரிமையாளருக்குச் சொத்துவரியில் கொஞ்சம் சலுகையும் கொடுக்கலாம்.

- வாசகர், மணலி, சென்னை