குறட்டையைக் கேலி செய்ய வேண்டாம்

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கம் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் இரவில் வீட்டு வளவு நெடுகப் பாய் விரித்து உறவெல்லாம் படுப்போம். யாராவது குறட்டை விட்டால், விடிந்ததும் அவரைக் கேலி செய்தே பொழுது போகும். அந்தக் குறட்டை பட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, அப்புறம் ஒரு திணறலோடு திரும்புகிறதா என்று யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டும். அது தூக்கத்தில் வரும் மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், மூளை உசுப்பிவிடும். மணிக்கு 30 தடவை இப்படி நடந்தால் நிலைமை கடுமை. படுத்தவருக்கோ எதுவும் நினைவிருக்காது. காலையில் தலைவலி, பகலில் அசதி என்பார், அவ்வளவுதான். மாத்திரைக்கு இறங்காத ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரை இது இழுத்துவிடும். ஒல்லியானவர்களுக்கும் வரும். மதுவும் தூக்க மாத்திரையும் இதை மோசமாக்கும்.

இப்படித் தூக்கம் கெட்டுப்போய், திருச்சி - ராமேசுவரம் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பெரிய கவலை. சிகிச்சை இருக்கிறது, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி நன்றாகவே பலன் தருகிறது. சிவகங்கை மாவட்ட மருத்துவ முகாம்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: வருகிறவர்களிடம் சர்க்கரை, அழுத்தத்தோடு குறட்டை, பகல் தூக்கம் பற்றியும் கேளுங்கள். வீட்டில் பக்கத்தில் படுப்பவரையும் கூடவே அழைத்து விசாரியுங்கள்.

- ஒரு வாசகர், காரைக்குடி