உன் நீல ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன்

அன்புள்ள கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "நாள் பூரா என்னம்மா பண்ணுவே, போரடிக்கலையா?" என்று. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அது ஒரு பதிலே இல்லை. உன் குரலில் லேசாக ஒரு குற்ற உணர்வு வேறு. என்னை ஏதோ மூலையில் உட்கார வைத்துவிட்டுப் போன மாதிரி நீயாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் ஒரு செய்தி, கோபப்படாமல் கேள்: உன் நீல ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன்.

நீ ஐந்து வயதில் போட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடு இருக்குமே, அதுதான். இத்தனை வருஷமும் பீரோ மேல்தட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை எடுத்து உதறி, வெயிலில் காட்டி, மறுபடி மடித்து வைப்பேன். இந்த முறை எடுத்தபோது இடது முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை. அதைத் தைக்கத்தான் உட்கார்ந்தேன். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு அப்படியே இருந்தேன். தைத்து யாருக்குப் போடப்போகிறேன்? இன்னும் 20 வருஷம் மடித்து வைக்கப்போகிறேன், அவ்வளவுதானே. ஊசியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

கையால் பின்னியதில் ஒரு நேர்மை உண்டு. அதில் முடிச்சே கிடையாது. ஒவ்வொரு கண்ணியும் கீழே இருக்கும் கண்ணிக்குள் புகுந்து வெளியே வந்த ஒரு வளையம், வேறொன்றுமில்லை. மேலே முடித்த இடத்தைக் கண்டுபிடித்து அவிழ்த்துவிட்டால் போதும், வந்த வழியே திரும்பிப் போகும். தொடங்கிய ஓரத்திலிருந்து இழுத்துப் பார், வராது, சிக்கிக்கொள்ளும். துணியாகப் பின்னி வெட்டித் தைத்த ஸ்வெட்டராக இருந்தால் அதுவும் கிடையாது, துண்டு துண்டாகத்தான் கையில் வரும். இது நான் பின்னியது. கழுத்தில் ஆரம்பித்து இழுத்தேன். பொலபொலவென்று ஒரு சத்தம். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "மழையா?" என்றார்.

நெஞ்சுக்கு வந்தபோது அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு தப்பு கிடைத்தது. ஒரு இடத்தில் நிட் என்கிற நேர்க்கண்ணிக்குப் பதிலாகப் பர்ல் என்கிற புரட்டுக்கண்ணியைப் போட்டிருக்கிறேன். நீ அம்மை போட்டுப் படுத்திருந்த வாரம் அது. உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னைப் பார்த்துக்கொண்டே பின்னியது. அப்போது கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் பிரித்துச் சரி செய்திருப்பேன். இப்போது அந்தக் கண்ணி என் விரலுக்கு அடியில் அவிழ்ந்து போவதை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்துப் பார்த்தேன்.

பிரித்த நூலை நீ பார்க்க வேண்டும். அத்தனையும் சுருட்டை முடி. இத்தனை காலம் கண்ணியாக இருந்த வளைவை விடவே மாட்டேன் என்கிறது. அதை அப்படியே பின்னினால் துணி மேடும் பள்ளமுமாக வரும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பூ விட்டு அரை மணி நேரம் போட்டுவைத்தேன். கசக்கக் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும், பிறகு எந்தச் சாமியாலும் பிரிக்க முடியாது. இந்தப் பாடம் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவைத் தவிர. என் பழுப்பு ஸ்வெட்டரை உதவி செய்கிறேன் என்று வாஷிங் மெஷினில் போட்டு, உன் பொம்மைக்குப் பொருந்துகிற அளவில் எடுத்துக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சிட்டத்தை நிழலில் தொங்கவிட்டு, அடியில் கனமான ஒரு கரண்டியைக் கட்டினேன். காலையில் பார்த்தால் முக்கால்வாசிச் சுருள் போய்விட்டது. மிச்சக் கால்வாசி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிறுத்துப் பார்த்தால் 210 கிராம். இன்றைக்கு உன் அளவுக்கு ஒரு ஸ்வெட்டர் என்றால் 500 கிராமாவது வேண்டும். ஆக, பாதிக்கு மேல் பற்றாக்குறை. அதைத்தான் நானே நூற்றுக்கொண்டிருக்கிறேன். என் பொழுது போகிற இடம் அது.

தக்களியில் பருத்தி நூற்க எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும் என்பது உனக்குத் தெரியும். கம்பளிக்குக் கை மாற்றம் வேண்டியிருக்கிறது. பருத்தி இழை நீளமே பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள்தான், அதனால் முறுக்கு நிறையவும் சீக்கிரமாகவும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கையோடு பிய்ந்து வந்துவிடும். கம்பளி இழை அதைவிட நல்ல நீளம், அது பொறுமைசாலி. கனமான கதிரை, அதாவது நூல் சுற்றுகிற தண்டை, சுழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு, இடது கையில் இருக்கிற கம்பளிப் பஞ்சிலிருந்து வலது கை விரலால் மெல்ல இழுத்துக்கொடுத்தால், முறுக்கு தானே ஏறிப்போய்ப் பஞ்சை நூலாக்கிவிடும். அந்த ஏறுகிற கணம் இருக்கிறதே, அதைத்தான் உனக்கு எழுதத் தெரியவில்லை. விரலுக்கு இந்தப் பக்கம் வெறும் பஞ்சு, ஊதினால் பறந்துவிடும். அந்தப் பக்கம் கதிரையே தாங்கி நிற்கிற நூல். நடுவில் இரண்டு விரல் அகலம்.

நூற்ற நூலை நடுவில் மடித்துத் தளர விட்டால் தானே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது, இரண்டு இழையைச் சேர்த்தால் எப்படி வரும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். வலப்பக்கம் சுற்றி நூற்றதை இடப்பக்கம் சுற்றிச் சேர்க்க வேண்டும். இரண்டு முறுக்கும் எதிரெதிராக இழுத்துச் சமாதானமாகிவிடும். ஒற்றை இழையாகவே பின்னினால் ஸ்வெட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வரும். ஒரு மாலைக்கு எனக்கு 10 அல்லது 12 கிராம்தான் ஆகிறது. சில இடம் தடிமன், சில இடம் மெலிசு. கையில் எண்ணெய்ப் பிசுக்கு, ஆட்டு மயிருக்கே உரிய அந்த வாசனை. அப்பா ஜன்னலைத் திறந்துவைக்கிறார். என் உள்ளங்கை மட்டும் குழந்தை கை மாதிரி ஆகிவிட்டது.

நன்னூல் பாயிரத்தில் ஒரு வெண்பா வருமே, பள்ளியில் உனக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அறிவு கதிர் என்று பவணந்தி அடுக்கிக்கொண்டே போவார். அழகுதான். ஆனால் நூற்கிறவளாக எனக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. கொட்டை நீக்கி, அடித்து, கோதி, நூற்கத் தோதாகப் பட்டையாக உருட்ட ஆகிற நேரத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதி வேலை அதுதான். எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களும் அதை வெளியே சொல்வதில்லை.

இனி புத்தகம். நீ ஆசையாக ஏற்பாடு செய்து கொடுத்த ஒலிப்புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. எனக்கு மறுபடி மறுபடி ஒரே பாராவுக்குத் திரும்பிப் போக வேண்டும், அந்தக் குரல் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. சுற்றிச் சுற்றிப் போகிற வெறும் நிட் வரிசையானால் கண் தேவையில்லை, விரலே பார்த்துக்கொள்ளும். அப்போது புத்தகத்தை மேஜையில் விரித்து, இரண்டு பக்கமும் துணிக் கிளிப் போட்டுவிட்டு, படித்துக்கொண்டே பின்னுவேன். பக்கம் திருப்பும்போது மட்டும் ஊசி நிற்கும். சண்டைக் காட்சி வந்தால் கண்ணி இறுகிவிடுகிறது. உன் காலுறையில் கணுக்காலுக்கு மேல் ஒரு நாலு வரிசை இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னாயே, அது உனக்காகத் திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொன்னது பொய்.

புதுப் புத்தகம் இப்போது அதிகம் வாங்குவதில்லை. அலமாரியில் இருக்கிற முப்பது நாற்பதையே சுற்றிச் சுற்றிப் படிக்கிறேன். முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்று உன் தம்பி கேட்கிறான். காலுறையின் குதிகால் உனக்குத் தெரியும்தானே? முழு வரிசையும் போகாமல் பாதியிலேயே திரும்பி, அடுத்த வரிசையில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே திரும்பி, இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் தட்டையாக இருந்த பின்னல் திடீரென்று கிண்ணமாகக் குழிந்துவிடும். எத்தனையோ காலுறை பின்னியாயிற்று. ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை குழியாது என்றுதான் நினைக்கிறேன், குழிந்ததும் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. எனக்குப் பிடித்த அந்த நாவலில் ஒரு கடிதம் தாமதமாக வந்து சேரும். இதுவரை ஏழெட்டுத் தடவை தாமதமாகவே வந்திருக்கிறது. இருந்தாலும் அந்த அத்தியாயம் நெருங்கும்போது இந்த முறையாவது தபால்காரர் நேரத்துக்கு வந்துவிட மாட்டாரா என்று இருக்கிறது.

என் புத்தகங்களில் அடையாளத்துக்கு அட்டை வைக்கிற வழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. பின்னிக்கொண்டிருக்கிற நூலில் ஒரு சாண் கிள்ளி வைத்துவிடுவேன். அதனால் இப்போது எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் ஒரு ஸ்வெட்டர் உள்ளே இருக்கிறது. ரோஜா நிறம் என்றால் நீ பிறந்த வருஷத்துத் தொப்பி. பச்சை என்றால் தம்பியின் மப்ளர். போன வாரம் ஒன்றில் நீல நூல் கிடைத்தது, 112ஆம் பக்கத்தில். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தை அப்போது படிக்கவேயில்லை போலிருக்கிறது. உனக்கு அம்மை இறங்கியதும் வேறு வேலைகள் வந்துவிட்டன. 112இலிருந்து தொடர்ந்து படித்து முடித்தேன். முன்கதை சுத்தமாக மறந்துபோயிருந்தது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பார், புத்தகத்தையும் பிரிக்கிறோம், பின்னலையும் பிரிக்கிறோம் என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது. நீ விமானம் ஏறிய வருஷம் அதைத் தேவைக்கு மேலேயே படித்தாயிற்று, இப்போது விடு.

ஒன்று சொல்ல மறந்தேன். நூற்பு எவ்வளவு பழசோ பின்னல் அவ்வளவு பழசில்லை. கதிருக்கு ஆயிரக்கணக்கான வருஷ வயது. இரண்டு ஊசிப் பின்னலில் நம் கைக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை, 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. பருத்தியில் பின்னிய காலுறைகள். படத்தில் பார்த்தேன், நீலமும் வெள்ளையும். உன் ஸ்வெட்டரின் நிறமேதான். யாரோ ஒருத்தி நிறம் மாற்றுகிற இடத்தில் எண்ணிக்கை தப்பி, பிரித்து, மறுபடி போட்டிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

திட்டம் இதுதான். கழுத்தும் தோளும் உன் பழைய நீலம். அதற்குக் கீழே உடம்பும் கையும் நான் நூற்கிற சாம்பல் நிறம், சாயம் போடாமல், ஆட்டின் நிறத்திலேயே. வெள்ளைக் கோடு இரண்டும் இருக்கும். தப்பான அந்தப் பர்ல் கண்ணியைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஊசியில் இருக்கிற கண்ணிகள் வழியாக ஒரு மெல்லிய நூலை ஓட்டி வைக்கப்போகிறேன். எங்காவது தப்பினால் அதுவரை பிரித்தால் போதும், அதற்குக் கீழே அவிழாது. முன்பெல்லாம் இதைச் செய்யமாட்டேன், தைரியம் அதிகம். இப்போது கண் முன்னைப்போல் இல்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம், மார்புச் சுற்றளவு, இரண்டையும் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பு. டேப்பை இழுத்துப் பிடிக்காதே, கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொள். யாரையாவது அளக்கச் சொன்னால் இன்னும் நல்லது. நானாக ஊகித்துப் பின்னினால் கை குட்டையாகவே வருகிறது. தம்பிக்குப் போன முறை அப்படித்தான் ஆயிற்று, மனசில் இருக்கிற அளவுக்குப் பின்னிவிட்டேன்.

சீக்கிரம் அனுப்பு. நீலம் மட்டும் போன வாரமே ஊசியில் ஏறிவிட்டது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்த 112ஆம் பக்கப் புத்தகத்தையும் ஸ்வெட்டரோடு சேர்த்து அனுப்புகிறேன். உள்ளே இருக்கிற நூலை எடுத்துவிடாதே.