அச்சு மட்டும் போதவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் பக்கத்தில் செய்தித்தாள் வரலாறு படித்தேன். கூட்டன்பர்க் அச்சு இயந்திரம் செய்தார், உடனே செய்தித்தாள் பிறந்துவிட்டது என்கிற மாதிரி இருந்தது. எனக்கு அது மனசு ஒப்பவில்லை. கூட்டன்பர்க்கின் பைபிள் அச்சானது 1455 வாக்கில். முதல் அச்சுச் செய்தித்தாள் என்று ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் 'ரெலாட்சியோன்' ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வெளிவந்தது 1605இல். நடுவே 150 வருடம்! ஊருக்கு ஊர் அச்சுக்கூடம் இருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்?

தபால்தான் காரணம். சொன்ன நாளில் பத்திரிகை வர வேண்டுமானால் செய்தியும் சொன்ன நாளில் வந்து சேர வேண்டுமே. 1490இல் ஜெர்மானிய அரசர் மாக்சிமிலியனுக்காக டாக்ஸிஸ் குடும்பத்தார் அஞ்சல் தடம் போட்டார்கள். வழிநெடுக நிலையங்கள், களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரையில் தபால் பை ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் அரசாங்கக் கடிதங்கள், அப்புறம் வணிகர்களுடையதும். அடுத்த நூற்றாண்டில் வெனிஸிலும் ரோமிலும் செய்தி மடல்களைக் கையால் எழுதி விற்பதே ஒரு பிழைப்பாகிவிட்டது. ஆக்ஸ்பர்க்கின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்தார் சேர்த்துவைத்த மடல்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் வியன்னா நூலகத்தில் இருக்கின்றன.

'ரெலாட்சியோன்' நடத்திய யோஹான் கரோலஸும் முதலில் இப்படிக் கைப்பிரதி எடுத்து வசதியான சந்தாதாரர்களுக்கு விற்றவர்தான். பிறகு ஓர் அச்சகத்தை வாங்கினார். நகர மன்றத்துக்கு 1605இல் அவர் எழுதிய மனு கிடைத்திருக்கிறது. புதுசாக ஒன்றைத் தொடங்கிவிட்டோம் என்ற பெருமையெல்லாம் அதில் இல்லை. கையால் எழுதி மாளவில்லை, நேரம் போகிறது, அதனால் அச்சடிக்கிறேன், வேறு யாரும் இதை அச்சடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார், அவ்வளவுதான். 1609ஆம் வருட இதழ்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் செய்திக்குச் செய்தி தலைப்பு கிடையாது, எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று போட்டுவிட்டு நேராகச் செய்தி.

நம் நாட்டுக் கதையும் இதைத்தான் காட்டுகிறது. கல்கத்தாவில் 1780இல் ஹிக்கி பத்திரிகை தொடங்கினார், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைக் கிழித்து எழுதினார். அதே வருடம் நவம்பரில் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் அரசு முதலில் கை வைத்தது அச்சகத்தில் இல்லை. ஹிக்கியின் பத்திரிகையைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. அச்சு எழுத்துகளைப் பறிமுதல் செய்ததெல்லாம் 1782இல்தான்.

தயவுசெய்து மாணவர் பக்கத்தில் இன்னொரு வாரம் ஒதுக்கி, நகலெடுத்தவர்களையும் குதிரையில் தபால் கொண்டுபோனவர்களையும் பற்றி எழுதுங்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு ஒரு பெயரையும் ஒரு வருடத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்