மேசைமேல் 120 பெயர்கள்

அன்புள்ள கண்ணா,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். அலுவலக ஆண்டு விருந்துக்கு 120 பேர் வருகிறார்கள், ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் பெயர் அட்டை வேண்டும், அதை வீட்டுப் பிரிண்டரிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். போனில் சொன்னால் அளவெல்லாம் உனக்கு நினைவில் நிற்காது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். டிடிபி வேலையில், அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கிற வேலையில், காலம் தள்ளியவளிடம் கேட்டுவிட்டாய், பதில் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய மாதிரிப் படங்களையும் பார்த்தேன். தங்க நிற ஓரம், கொடி, இலை, மூலையில் நிறுவனத்தின் முத்திரை. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் பெயர்தான் இருப்பதிலேயே சின்னதாக இருக்கிறது. வந்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே, பையில் மூக்குக்கண்ணாடியைத் துழாவாமல், தன் பெயரைப் படிக்க வேண்டும். அட்டைக்கு வேறு வேலை கிடையாது. கொடியையும் இலையையும் எடுத்துவிடு. முத்திரை அழைப்பிதழில் இருக்கிறது, வாசலில் இருக்கிறது, மேடையில் இருக்கிறது, போதும்.

உன் நேரத்தில் பாதியைப் பட்டியலுக்குக் கொடு. அலுவலகக் கணக்கில் இருக்கிற பெயரை அப்படியே எடுத்து ஒட்டாதே. அங்கே யாரோ அவசரத்தில் தட்டச்சு செய்தது இருக்கும். சுப்ரமணியனா சுப்பிரமணியனா, ஜெயலட்சுமியா ஜெயலக்ஷ்மியா என்பதை அந்த மனிதர்தான் சொல்ல வேண்டும். அழைப்பை ஏற்று அவர் எழுதிய பதிலின் அடியில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ, அப்படியே எடு. பதில் வேறு மொழியில் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பட்டம் போடுவதென்றால் எல்லோருக்கும் போடு. ஒரே மேசையில் ஒருவருக்கு மட்டும் ‘டாக்டர்’ போட்டு, பக்கத்தில் இருக்கிற இன்னொரு டாக்டரை வெறும் பெயரோடு விட்டால், அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இருவருக்குமே இனிஷியல் போடு. அப்புறம், ‘மற்றும் துணைவியார்’ என்று ஓர் அட்டை வைக்கவே வைக்காதே. அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது, கேட்டு வாங்கு.

பட்டியலை எக்செல்லில் நாலே நாலு பத்தியாக வைத்துக்கொள்: அட்டையில் வர வேண்டிய பெயர், மேசை எண், இருக்கை எண், குறிப்பு. முதல் பத்தியில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அட்டையில் வரப்போவது என்று நினைத்து நிரப்பு. சரிபார்ப்பதைத் திரையில் செய்யாதே. தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் மூலப் பதிலைப் பார்க்க வேண்டும், அதுவும் கடைசிப் பெயரிலிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து வந்தால் கண் பழகிப்போய்த் தாவிவிடும்.

இப்போது அளவு. மடித்து நிற்கிற அட்டை 90 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம் இருந்தால் நன்றாக இருக்கும். பிரித்தால் அது 90-க்கு 100. ஏ4 தாளை நெட்டுக்குத்தாக வைத்துப் பார்த்தால் நாலு அட்டைதான் அடங்கும், மூன்று வரிசை போட 300 மி.மீ. வேண்டும், தாளில் இருப்பதோ 297. அதே தாளைப் படுக்கையாகத் திருப்பு. குறுக்கே மூன்று, கீழாக இரண்டு, மொத்தம் ஆறு. பக்கவாட்டில் இரண்டு புறமும் 13.5 மி.மீ., மேலும் கீழும் 5 மி.மீ. மிஞ்சும். 120 பேருக்குச் சரியாக 20 தாள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மடிப்புக் கோடு ஆறு அட்டைக்கும் தனித்தனியாக இல்லை. தாளின் மேல் விளிம்பிலிருந்து 55 மி.மீ.-இல் ஒன்று, 155-இல் ஒன்று, இரண்டே கோடுதான், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீள வாக்கில்தான் ஓடும், அதனால் மடிப்பும் நாரோடு போகும். நாருக்குக் குறுக்கே மடித்தால் தடித்த தாள் முதுகில் வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

பெயர் ஒவ்வொரு கட்டத்திலும் கீழ்ப்பாதியில் வரும். எதிரில் உட்கார்ந்திருப்பவரும் படிக்க வேண்டுமென்றால் மேல்பாதியில் அதே பெயரைத் தலைகீழாகப் போட வேண்டும். மடித்ததும் அது நேராகிவிடும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்காரும் விருந்தில் இந்தப் பின்பக்கப் பெயர் பெரிய உதவி, எதிரில் இருப்பவர் பெயரை இரண்டாம் முறை கேட்கிற சங்கடம் யாருக்கும் வராது. டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்றைப் போட்டு அதை 180 டிகிரி திருப்பிவிடு. தாளையே திருப்பிப் போட்டு இரண்டாம் தடவை அச்சடிக்கலாம் என்று நினைக்காதே. தாள் திரும்பும்போது முதல் கட்டம் ஆறாவதாகிவிடும், ஒருவர் அட்டையின் முதுகில் இன்னொருவர் பெயர் வந்து நிற்கும்.

வேர்டில் மெயில் மெர்ஜ், அதாவது பட்டியலில் இருக்கிற பெயர்களைத் தானாகக் கட்டங்களில் நிரப்புவது, செய்யத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு தாளில் ஒரே பெயர் ஆறு தடவை வந்தால் பயப்படாதே, இரண்டாம் கட்டத்திலிருந்து, அடுத்த பெயருக்குப் போகச் சொல்லும் ‘நெக்ஸ்ட் ரெகார்ட்’ கட்டளை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எக்செல் கோப்பை சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி எடுத்துப் போகாமல் அப்படியே இணைத்தால் தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறும் தொல்லையும் இல்லை. எழுத்துரு யூனிகோட் எழுத்துருவாக இருக்கட்டும், நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது, விருந்துக்கு ஏற்ற அடக்கமான எழுத்து. பழைய கோப்பிலிருந்து, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்தில் இருக்கும் பெயரை வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், அதைத் திரும்பத் தட்டச்சு செய்வதுதான் சுருக்கு வழி. வேறு வடிவமைப்பு மென்பொருளுக்குப் போனால் முதலில் ‘கொ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் அடித்துப் பார். கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நின்றால் அதில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படவில்லை.

எழுத்தின் அளவை இருப்பதிலேயே நீளமான பெயரை வைத்து முடிவு செய். எக்செல்லைக் கேட்டு நீளமான பெயரைக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும். அது எண்ணுவது குறியீடுகளை. ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை எழுத்தை அது நாலு என்று சொல்லும். கண்ணால் பார்த்தே தேடு. 20 பாயின்டுக்குக் கீழே போக வேண்டாம். அடங்காத பெயரை இரண்டு வரியாக உடை, அந்த ஒருவருக்கு மட்டும் எழுத்தைச் சுருக்காதே. பக்கத்து அட்டையோடு சேர்ந்து நிற்கும்போது அவரை மட்டும் ஓரங்கட்டியது போல் தெரியும்.

தாள் 220-லிருந்து 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) எடு. சாதாரண அலுவலகத் தாள் 80 ஜிஎஸ்எம், அது மடித்தால் நிற்காது, காற்றுக்குப் படுத்துவிடும். 300 வாங்கினால் வீட்டுப் பிரிண்டரின் உருளைக்குள் வளைந்து போகாமல் சிக்கும். உன் பிரிண்டர் எவ்வளவு தாங்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும், பின்பக்கத் தட்டு இருந்தால் அதில் ஒவ்வொரு தாளாகக் கொடு. பளபளக்கும் தாள் வேண்டாம். விளக்கு பட்டால் பெயர் தெரியாது, போட்டோவிலும் வெள்ளைத் திட்டாக விழும், அவசரத்துக்குப் பேனாவால் எழுதினாலும் மை காயாது. சொரசொரப்பான தாள் ஆசையாக இருக்கும், ஆனால் லேசரில் போட்டால் டோனர் பள்ளங்களில் பிடிக்காமல் உதிரும். இங்க்ஜெட் என்றால் சாய மையா நிறமி மையா என்று பார். குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் ஈரம் பட்டாலே சாய மை பரவிவிடும். தெரியவில்லையென்றால் ஒன்றை அச்சடித்து, காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்.

அச்சிடும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வை. அது சத்தமில்லாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும், அப்புறம் 55-இல் கோடு போட்டால் மடிப்பு எழுத்தின்மேல் வந்து உட்காரும். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அள.

அச்சகத்தில் கிரீசிங் என்போமே, அந்த மடிப்புத் தடத்தை வெட்டுவதற்கு முன்பே முழுத் தாளில் போட்டுவிடு. செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக அடியில் வைத்து, அச்சிட்ட பக்கம் மேலே இருக்க, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, மை சுத்தமாகத் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழு. தாளில் ஒரு பள்ளமும் பின்பக்கத்தில் ஒரு மேடும் விழும். மடிக்கும்போது மேடு உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளியே இருக்க வேண்டும். எல்லோருக்கும் நேர்மாறாகத்தான் கை போகும், பள்ளத்துக்குள் மடித்தால் முதுகு கரடுமுரடாகும். வெட்டுவதற்குப் புது பிளேடு, ஒரே அழுத்தில் அறுக்காமல் லேசாக மூன்று நாலு தடவை.

வரிசை பற்றிச் சொல்லாவிட்டால் நீ தவிக்கப்போவது இங்கேதான். தாளில் 1, 2, 3 என்று வரிசையாகப் பெயர் போட்டு, தாள்களை அடுக்கி வெட்டினால், முதல் குவியலில் 1, 7, 13 என்று வரும். 120 அட்டையையும் தரையில் பரப்பிப் பொறுக்க வேண்டியதுதான். அச்சகத்தில் ரசீதுப் புத்தகத்துக்கு எண் போடுகிற முறையைப் பிடி. எல்லாத் தாளிலும் முதல் கட்டத்தில் 1 முதல் 20 வரை, இரண்டாம் கட்டத்தில் 21 முதல் 40 வரை, இப்படியே ஆறாவதில் 101 முதல் 120 வரை. அதாவது முதல் தாளில் 1, 21, 41, 61, 81, 101. தாளை வரிசை கலையாமல் வெட்டி, ஆறு குவியலையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் மேசை வாரியாக, இருக்கை வாரியாக அப்படியே நிற்கும். பின்பாதியின் மூலையில் 7 பாயின்ட் சாம்பல் நிறத்தில் ‘4–7’ என்று போட்டுவை, நாலாம் மேசை ஏழாம் இருக்கை. வைக்க வருகிற பிள்ளைகளுக்கு அது தெரிந்தால் போதும்.

யார் பக்கத்தில் யார் என்பதில் நான் தலையிடவில்லை, அது உன் தலைவலி. ஒன்று மட்டும்: ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசையில் எட்டுப் பேர், ஆறடி மேசையில் பத்துப் பேர், அதற்கு மேல் திணிக்காதே. முக்கியஸ்தர்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று திணறினால், ஏற்கெனவே இருக்கிற ஒரு விதியைப் பிடித்துக்கொள், யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. தூதர்களுக்குள் யார் முன்னால் என்பதைப் பதவி ஏற்ற நாளையும் நேரத்தையும் வைத்து 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தீர்த்துவிட்டது. ஐ.நா. பொதுச் சபையில் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி ஒரு நாட்டை முதல் இருக்கையில் வைக்கிறார்கள், மற்ற நாடுகள் அதிலிருந்து ஆங்கில அகரவரிசையில் உட்காரும். அப்படி ஏதும் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போர் பற்றிய பாரிஸ் பேச்சுவார்த்தையே இருக்கிறது. மேசை என்ன வடிவம் என்ற தகராறே வாரக்கணக்கில் இழுத்து, 1969 ஜனவரியில்தான் முடிந்தது.

வாசலில் ஒரு பலகையும் வை. அதில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கட்டும், பக்கத்தில் மேசை எண். மேசை வாரியாகப் போட்டால் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடி எல்லா மேசையையும் படிப்பார், பின்னால் கூட்டம் நிற்கும்.

கடைசி நேரத்தில் யாராவது மாறத்தான் செய்வார்கள். அதனால் இரண்டு தாளைப் பெயர் இல்லாமல் மடித்து, வெட்டி எடுத்துவை, 12 வெற்று அட்டை கிடைக்கும். உன் கையெழுத்து எனக்குத் தெரியும், நீ எழுதாதே. அலுவலகத்தில் அழகாக எழுதுகிற ஒருவரை இப்போதே பிடித்துவைத்துக்கொள். கையால் எழுதியது மட்டமில்லை, வெள்ளை மாளிகை விருந்துகளுக்கே பெயர் அட்டை எழுதக் கலைஞர்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். வராதவரின் அட்டையை மேசையில் விட்டுவைக்காதே, நாற்காலியோடு சேர்த்து எடுத்துவிடு.

முதலில் ஒரே ஒரு தாள் போட்டு, மடித்து, மேசைமேல் வைத்து, நீ நிற்கிற இடத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு. பட்டியலையும் அனுப்பு. அப்பாவை எதிரில் உட்காரவைத்து, கீழிருந்து மேலாக நாங்கள் ஒருமுறை வாசித்துவிடுகிறோம். மீதி 19 தாளை அதற்கு அப்புறம் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா