துரத்தல் படம் அதுவல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பிரெஞ்சுப் படங்கள் பற்றிய கட்டுரை, 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தை 'அனல் பறக்கும் லாரி துரத்தல்' என்கிறது. கட்டுரையாளர் அதைப் பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஆன்றி-ஜார்ஜ் க்ளூசோ 1953இல் எடுத்த அந்தப் படத்தில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. எண்ணெய்க் கிணற்றுத் தீயை அணைக்க, நான்கு பேர் இரண்டு லாரிகளில் நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருளைக் கொண்டுபோகிறார்கள். வண்டி குலுங்கினால் எலும்பு கூடக் கிடைக்காது. இதில் எங்கிருந்து துரத்துவது?

மலை வளைவொன்றில் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் உளுத்த மரத்தளத்தில் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். திம்பம் மலைப்பாதையில் லோடு வண்டி ஓட்டியவனுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிளீனர் பின்னால் நின்று 'வரட்டும், வரட்டும்' என்பான். கண்ணாடியில் அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக விடுவோம். படத்தில் பின்சக்கரம் பலகையில் வழுக்கியபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கால் பிரேக்கைத் தேடியது.

துரத்தல்தான் வேண்டுமென்றால் ஆன்றி வெர்னோயின் 'சான் மில் தொலார் ஓ சொலேய்' (1964) பற்றி எழுதியிருக்கலாம். இருவருமே ஆன்றி என்பதால் வந்த குழப்பமோ என்னவோ! மொராக்கோவில் எடுத்த படம். சரக்கு முதலாளியாக கெர்ட் ஃப்ரோபே. அதே ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கோல்ட்ஃபிங்கராக வந்தவர். புது ஓட்டுநர் ஒருவரை நம்பி முதலாளி நிறுத்திவைத்த புத்தம்புது லாரியை, ழான்-போல் பெல்மோந்தோ லோடோடு கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். பிடித்துவர லீனோ வெந்துரா இன்னொரு லாரியில் கிளம்புகிறார். காரை விரட்டுவதுபோல் லாரியை விரட்ட முடியாது. ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் பிரேக் சூடேறும். அந்த அவஸ்தையில்தான் படத்தின் சுவையே இருக்கிறது. போதாக்குறைக்கு, வழியெல்லாம் எதிர்ப்பட்டு வெந்துராவைக் கிண்டலடிக்கும் ஓட்டுநராக பெர்னார் பிளியே. எங்கள் லாரிப்பேட்டையிலும் அப்படி ஒருவர் இருந்தார்; அவர் வாய்க்குப் பயந்தே பலர் பஞ்சர் ஆனதை வெளியே சொல்லமாட்டார்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' நாயகன் இவ் மோந்தான். கீழே பெல்மோந்தோ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரமாவது திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
நாமக்கல்.