வின்னிபெக் ஐஸ் வரலாறு எழுதக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

கனடாவின் வின்னிபெக் நகரில் ஆடிய வின்னிபெக் ஐஸ் அணியின் கதையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நான்கே சீசன் ஆடிய ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு வரலாறா என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள்.

முதல் நன்றி, வீரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு. 16 வயதிலேயே ஊரை விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, படுக்கை, பள்ளி எல்லாம் இவர்கள் பொறுப்புதான். ஓர் அம்மா தன் வீட்டு நிலவறையில் கிளவுஸ் காயப்போடக் கட்டிய கொடியை இன்னும் அவிழ்க்கவில்லை. "எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வியர்வை வாடை போகாது" என்றபடியே, அங்கே தங்கியிருந்த பையனைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை மேசை முழுக்கப் பரப்பினார். என் குறிப்புகளில் பாதி அங்கே கிடைத்தவை.

அப்புறம், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் கிரான்புரூக் ஊரின் ரசிகர்கள். 1996இல் எட்மன்டனில் பிறந்த இந்த அணி, 1998இல் அவர்கள் ஊருக்குப் போய் 'கூட்னி ஐஸ்' ஆனது. 2002இல், ஜூனியர் ஹாக்கியின் பெரிய பரிசான மெமோரியல் கோப்பையும் வென்றது. 2019இல் எங்கள் ஊருக்கு வந்ததென்றால், அவர்கள் இழந்தார்கள் என்று பொருள். அந்த வலியோடும் எனக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். இந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் வேய்ன் ஃப்ளெமிங் அரங்கில் வேலை செய்தவர்களுக்கும் நன்றி. ஏறக்குறைய 1,600 பேர் மட்டுமே கொள்ளும் இடம். புது அரங்கு கட்டும்வரை என்றுதான் அங்கே ஆடினார்கள்; அது கட்டப்படவேயில்லை. அணி கைவிட்டுப் போனதற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2022-23 சீசனில் 68 ஆட்டத்தில் 57 வெற்றி, WHL என்ற மேற்கத்திய ஜூனியர் லீகில் முதலிடம்! இறுதிச் சுற்றில் சியாட்டில் அணியிடம் ஆட்டக் கணக்கில் 4-1 என்று தோற்றார்கள். அடுத்த மாதமே, ஜூனில், அணியை விற்று அமெரிக்காவின் வெனாட்சி நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேத்யூ சவோய், கானர் கீக்கி, ஸாக் பென்சன் என்ற இளம் நட்சத்திரங்கள் மூவரும் ஒரே அணியில் ஆடியதை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிந்ததே, அது எங்கள் பாக்கியம்.

புள்ளிவிவரம் சரிபார்த்த தம்பிக்குத் தனியாக நன்றி.

2020-21 ஆட்டங்கள் கொரோனாவால் வேறொரு கனடிய நகரமான ரெஜைனாவில், ரசிகர்களே இல்லாமல் நடந்தன. அந்தப் படங்கள் மட்டும் என்னிடம் குறைவு. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
வின்னிபெக் ரசிகன்