மணிமுத்தாற்றுக்குத் தண்ணீர் வரும் மலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கடலூரிலிருந்து கிளம்பி, விருத்தாசலம், கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலைக்குப் போய், அருவிகளைப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பினோம். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, சிறுவயதில் மாசி மகத்துக்கு வந்த நீ அந்த மணலில் நின்றுகொண்டு, "தண்ணியே இல்லையே, இதை ஏம்ப்பா ஆறுங்கறாங்க?" என்று கேட்டதை அம்மா நினைவுபடுத்தினாள். அன்று உனக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதை இப்போது கண்ணால் கண்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. மலையில் மழை பெய்தால் ஓடைகள் பெருகி அங்கே வந்து சேரும். 46 அடி வரை நீர் தேக்கும் அந்த அணையைத் தாண்டி வரும் கோமுகி ஆறு மணிமுத்தாற்றிலும், மணிமுத்தாறு வெள்ளாற்றிலும் கலந்து, நாம் படகில் சுற்றிய பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மலையில் மழை பொய்த்தால் கீழே மணல்தான், அம்மா.

பெரியார் அருவி வெள்ளிமலைச் சாலையோரத்திலேயே விழுவதால் அம்மாவும் சிரமமின்றிக் குளித்தாள். ஷாம்பு உறைகள் பாறையிடுக்கெல்லாம் கிடந்தன. நம் பக்கத்து வயல்களுக்கு வரும் தண்ணீராயிற்றே என்று மனம் கேட்காமல், கைக்கு எட்டியவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டோம்.

மேகம் அருவிக்குக் காட்டு வழியே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். துணைக்கு வந்த மலைவாசிப் பெரியவர், கறுத்து மினுக்கும் பாறையில் பாசி படிந்திருக்கும் என்றும், வெளுத்துச் சொரசொரப்பாக இருப்பதில் மட்டும் கால் வைக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒவ்வொரு பாறையையும் கம்பால் தட்டிக் காட்டிய பிறகே எங்களை நடக்கவிட்டார். நாங்கள் குளிக்கும்போதும் அவர் பார்வை ஓடையை விட்டு அகலவில்லை. தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகுகளை அடித்துக்கொண்டு வந்தால் மேலே மழை என்று பொருளாம். அந்தக் கணமே கரையேறிவிட வேண்டுமாம்.

நீ கோடை விடுமுறையில் வந்தால் வறண்ட பாறையைத்தான் பார்ப்பாய். கார்த்திகை மழை ஓய்ந்ததும் வா. வழுக்காத செருப்பு ஒரு ஜோடி எடுத்து வா.

அன்புடன்,
அப்பா